தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த சின்னப் புத்தகங்களை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "தாத்தா காலமாகிவிட்டார். ஊர் வீட்டை விற்கப் போகிறோம். பரணிலிருந்த டிரங்குப் பெட்டியில் சின்னச் சின்னப் புத்தகங்களாக இருநூறுக்கு மேல் கிடைத்தன. பஞ்சாங்கம், சினிமாப் பாட்டுப் புத்தகம், கந்த சஷ்டி கவசம், கட்சிப் பிரசுரங்கள், வாய்ப்பாடு, பழைய ரேஷன் கார்டுகள், யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு நினைவு மலர். இதையெல்லாம் எதற்காக அச்சிட்டார்கள்? இன்றைக்கு இவற்றால் பயனுண்டா? பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?"

கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் பதினாறு வயதில் ஒரு சிற்றூர் அச்சகத்தில் அச்சுக்கோக்கச் சேர்ந்தவன். பிறகு சொந்தமாக ஒரு டிரெடில் அச்சு மிஷின் வாங்கிப் போட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்தேன். என் கையில் ஓடியவை எல்லாம் உங்கள் பெட்டியில் இருக்கிற இந்த வகைதான். கோயில் கொடை நோட்டீஸ், கவசம், சங்கத்து விதிமுறைப் புத்தகம், வாய்ப்பாடு, தேர்தல் பிரசுரம், திருமண ஆராதனைப் பாட்டுத்தாள். ஆகவே இவை எதற்குப் பிறந்தன, யார் கைக்குப் போயின என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சின்னப் புத்தகத்தை வீட்டுப் புழங்குபொருளாகப் பாருங்கள். சல்லடைக்கும் அரிவாள்மனைக்கும் இருப்பதைப்போல ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஓர் இடம் இருந்தது. பஞ்சாங்கம் சுவர் ஆணியில் தொங்கும். கவசம் சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ரேஷன் கார்டு மண்ணெண்ணெய் டின்னோடு பையில் கிடக்கும். பாட்டுப் புத்தகம் தலையணைக்கு அடியில். எந்த இடத்தில் புழங்கியதோ அந்த இடத்தின் கறை அதன்மேல் இருக்கும். உங்கள் தாத்தா வீட்டில் வாழ்க்கை எப்படி ஓடியது என்பதை அந்தக் கறைகளை வைத்தே பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

முதலில் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். அட்டையை விட்டுவிட்டு எண்ணினால் பெரும்பாலும் 8, 16, 32, 48 என்றுதான் வரும். ஒரு டெம்மி தாள் பதினேழரைக்கு இருபத்திரண்டரை அங்குலம். அதை மூன்று தரம் மடித்தால் எட்டு இலை, 16 பக்கம். இதைத்தான் நாங்கள் ஒரு பாரம் என்போம். ஒரு வெற்றுத் தாளை மூன்று தரம் மடித்து, ஓரத்தை வெட்டாமலே இலைகளை விலக்கி விலக்கி 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு தாளை விரித்துப் பாருங்கள். எண்கள் தலைகீழாகவும் முன்பின்னாகவும் கிடக்கும். ஆனால் முதுகு மடிப்பின் இரண்டு பக்கமும் இருக்கிற எந்த இரண்டு எண்ணைக் கூட்டினாலும் 17 வரும். ஒன்றும் பதினாறும், இரண்டும் பதினைந்தும், எட்டும் ஒன்பதும். எனக்கு முதல் நாள் முதலாளி கற்றுக்கொடுத்த கணக்கு இது. அச்சுக் கட்டையைப் பூட்டுவதற்கு முன் பதினேழு வருகிறதா என்று பார்க்காமல் யாரும் மிஷினில் ஏற்ற மாட்டார்கள்.

500 தாள் ஒரு ரீம். 16 பக்கப் புத்தகம் என்றால் ஒரு ரீம் தாளில், கழிவு போக, ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிரதிகள் கிடைக்கும். விஷயம் பதினேழாம் பக்கத்துக்கு வழிந்தால் தாள், மடிப்பு, மிஷின் கூலி எல்லாம் ஏறிவிடும். பதின்மூன்றாம் பக்கத்தோடு நின்றுவிட்டால் மூன்று பக்கம் மீதி. வெறுமையாக விட யாருக்கும் மனம் வராது. அந்த மீதிப் பக்கங்களில்தான் கோளறு பதிகத்தைப் போடுவோம். பல்லி விழும் பலன், ராகு கால அட்டவணை, உள்ளூர் ஜவுளிக் கடை விளம்பரம், பாம்பு கடித்தால் செய்ய வேண்டியவை, எதுவானாலும் அங்கே இடம்பிடிக்கும். கவசப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பஸ் நேரம் இருப்பதைக் கண்டு நீங்கள் வியந்திருக்கலாம். அது மீதிப் பக்கத்துக்கு வந்த விருந்தாளி. பல வீடுகளில் அந்தப் பஸ் நேரத்துக்காகவே கவசம் பத்திரமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாக இன்று நம் கையில் இருப்பது தம்பிரான் வணக்கம். 1578இல் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளார் அச்சிட்டது. அதுவும் 16 பக்கம்தான். நம் அச்சு வரலாறே ஒரு சின்னப் புத்தகத்தில் தொடங்குகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. யுனெஸ்கோ 1964இல் வகுத்த வரையறைப்படி அட்டை நீங்கலாக 5 பக்கத்திலிருந்து 48 பக்கம் வரை இருப்பது சிறு பிரசுரம். 49 பக்கத்திலிருந்துதான் புத்தகம். அந்த அளவுகோலை வைத்தால் தம்பிரான் வணக்கமும் உங்கள் பெட்டியில் கிடக்கும் வாய்ப்பாடும் ஒரே சாதி.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பஞ்சாங்கத்தை எடுங்கள். நாள், திதி, நட்சத்திரம் பார்க்கத்தான் வாங்குவார்கள். ஆனால் வருடம் முழுவதும் ஒரே இடத்தில் தொங்குகிற, நாள்வாரியாகக் கட்டம் போட்ட புத்தகம் வீட்டில் வேறென்ன இருந்தது? அதனால் அதுவே நாட்குறிப்பு, அதுவே கணக்குப் புத்தகம். ஓரத்தில் பென்சிலால் 'செவலை கன்று ஈன்றது', 'நாற்று விட்டது', 'மச்சானுக்கு 200' என்றெல்லாம் எழுதியிருக்கும். பிள்ளை பிறந்த நாழிகையைப் பஞ்சாங்கத்திலேயே குறித்துவைத்து, பிறகு நிதானமாக ஜாதகம் எழுதக் கொடுத்த வீடுகள் ஏராளம். பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாமல் விழித்தவர்கள் உண்டு. பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து வந்து காட்டியவர்களும் உண்டு. அச்சிட்ட பகுதியை விட ஓரத்து எழுத்துக்கே மதிப்பு அதிகம்.

கவசத்துக்கு வருவோம். தேவராய சுவாமிகள் இயற்றிய கந்த சஷ்டி கவசத்தை நான் எத்தனை தரம் அடித்தேன் என்று கணக்கில்லை. ஆயிரம் பிரதி அடித்துக் கோயிலில் கொடுப்பதாக நேர்ந்துகொள்வார்கள். நோய் நீங்கினால், பிள்ளை பிறந்தால், அறுபதாம் கல்யாணம் நடந்தால், இறந்தவர் நினைவாக. முதல் பக்கத்தில் 'உபயம்' என்று பெயரும் ஊரும் இருக்கும். கேட்பவர்கள் இரண்டே இரண்டுதான் கேட்பார்கள்: சட்டைப் பையில் நுழைய வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். டெம்மியில் பதினாறில் ஒரு பங்கு அளவில், பதினான்கு புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கண்ணாடி போட்ட ஆச்சிகளுக்கு அது ஒத்துவந்தது. இதே வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. முஸ்லிம் வீடுகளில் மறைந்தவர் நினைவாக யாசீன் புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கிறிஸ்தவர்கள் தெருமுனையில் கொடுப்பதைக் கைப்பிரதி என்பார்கள். கையால் தருவது, கையில் கொள்வது என்று இரண்டையும் சொல்லிவிடுகிற அருமையான சொல் அது.

இந்தப் புத்தகங்கள் செய்த, யாரும் கணக்கில் எடுக்காத ஒரு வேலை இருக்கிறது. என் அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அவள் எழுத்தை மறக்காமல் வைத்திருந்தது சினிமாப் பாட்டுப் புத்தகத்தால்தான். கொட்டகை வாசலில் விற்கும் நாலு தாள் புத்தகம். முதலில் நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். கதைச் சுருக்கம் கதாநாயகி ஆற்றில் விழுகிற இடத்தில் வந்து நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். அக்கா அந்தப் படங்களில் பாதியைப் பார்த்ததே இல்லை. ஆனால் இலங்கை வானொலியில் பாட்டு வரும்போது புத்தகத்தை மடியில் விரித்து, வரியின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போவாள். பாட்டு காதில் ஏற்கெனவே இருந்தது. அதனால் எழுத்து தானாக வாய்க்கு வந்தது. கூட்டெழுத்தும் ஒற்றும் அவளுக்கு அப்படித்தான் பிடிபட்டன. மனப்பாடமாகத் தெரிந்ததையே எழுத்தில் பார்ப்பது படிக்கப் பழகுவதற்கு ஆகச் சிறந்த வழி என்பதை நான் அவளிடம்தான் கண்டேன். கவசம் வாசிக்கும் ஆச்சிகளும் அதையேதான் செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கென்று பெரிய எழுத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வெளியிட்டார்கள். கற்றவர் மறந்துவிடாமல் இருக்கப் புத்தகம் மெலிதாக இருக்க வேண்டும், ஒரே இரவில் முடித்தோம் என்ற மகிழ்ச்சி வர வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

பாட்டுப் புத்தகங்களை நீங்கள் தனியாக எடுத்து வைக்க வேண்டிய காரணமும் இருக்கிறது. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்தது 1931 அக்டோபர் 31. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடையாது. அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பகுதியின் கதி அதுதான். யார் நடித்தார்கள், என்ன பாடினார்கள், கதை என்ன என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்களுக்கு மிஞ்சியிருப்பது பத்திரிகை விளம்பரங்களும் இந்தப் பாட்டுப் புத்தகங்களும்தான். படச்சுருள் போய்விட்டது, கொட்டகை வாசலில் விற்ற தாள் நிற்கிறது.

சினிமாவுக்கு முன்பும் இந்தத் தெருவோரப் பாட்டுப் புத்தகம் இருந்தது. சென்னையில் பூங்கா நகரை ஒட்டிய குஜிலிக் கடைகளில் விற்றதால் குஜிலிப் புத்தகம் என்றே பெயர். ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து, வெள்ளம் வந்தால் ஒரு கும்மி, கொலை நடந்தால் ஒரு நொண்டிச் சிந்து. செய்தித்தாள் வாங்க வசதியில்லாதவர்களுக்கு அதுவே செய்தி. விற்பவர் முச்சந்தியில் நின்று பாடிக்காட்டுவார். கேட்டவர் அரையணா கொடுத்து வாங்கிக்கொண்டு போய் ஊரில் பாடுவார். இப்படிப்பட்டது ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் அதை மிகுந்த கவனத்தோடு கையாளுங்கள். அந்தத் தாள் தொட்டாலே நொறுங்கும்.

கட்சிப் பிரசுரங்கள் பற்றி. சிறு புத்தகத்துக்கு அரசு அஞ்சிய வரலாறு நீண்டது. பாரதியின் மூன்று தேசபக்திப் பாடல்களை 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் சிறு வெளியீடாக அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். 1911இல் பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய சிறு நூல்கள் இரண்டும் தடை செய்யப்பட்டன. பையில் மறைக்க முடிகிறது, ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படிக்கிறார்கள், படித்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. தடித்த புத்தகத்துக்கு இந்த ஓட்டம் கிடையாது. சுயமரியாதை இயக்கமும் பொதுவுடைமைக் கட்சியும் பிறகு திராவிட இயக்கக் கட்சிகளும் பொதுக்கூட்ட மேடைக்குக் கீழே துண்டு விரித்து இவற்றை விற்றுத்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. உங்கள் தாத்தா எந்தக் கூட்டத்துக்கெல்லாம் நடந்து போனார் என்பதற்கு அந்தப் பிரசுரங்களே சான்று.

பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் சிறிய எழுத்தில் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. தேர்தல் துண்டறிக்கைக்கு இன்றைக்கும் அந்தக் கட்டாயம் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் பிரசுரம் அடித்தால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். தேர்தலுக்கு முந்தைய இரவுகளில் பெயர் போடாமல் அடித்துக் கொடுக்கும்படி, கூலியை மூன்று மடங்காகத் தருகிறோம் என்று வந்து நின்றிருக்கிறார்கள். நான் ஒருமுறைகூட ஒப்பவில்லை. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு வரிதான் அடையாளம். அதை எடுத்துவிட்டால் பிரசுரம் வெறும் மொட்டைக் கடுதாசி ஆகிவிடும்.

ரேஷன் கார்டை யாரும் புத்தகமாக நினைப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான வீடுகளில் புழங்கிய அச்சுப் புத்தகம் அதுதான். 2005இல் கொடுத்த அட்டை 2009 வரைக்குமானது. அதன்பின் புது அட்டை வராமல் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஒட்டியே 2017இல் மின்னணு அட்டை வரும்வரை ஓட்டினார்கள். அட்டையின் நடுவில் பசை மேல் பசையாகத் தடித்திருப்பதைத் தடவிப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திறந்தால் மகளுக்குத் திருமணமானதும் பெயர் அடித்த கோடு, பாட்டி இறந்ததும் அடித்த கோடு, பேரன் பிறந்ததும் சேர்த்த பெயர், பக்கத்தில் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். ஒரு குடும்பத்தின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கதை அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து நினைவு மலரைப் பற்றி நீங்கள் இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். எனக்கோ பெட்டியிலேயே அருமையானது அதுதான் என்று தோன்றுகிறது. ஈழத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சிடும் சிறு புத்தகம் இது. அங்கே இதைக் கல்வெட்டு என்றும் சொல்வார்கள். கல்லில் வெட்டுவதைத் தாளில் அச்சிட்டார்கள், பெயரை மாற்றவில்லை. பழைய கல்வெட்டுகளில் முதலில் திதி வெண்பா இருக்கும். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கி ஊர்ப் புலவர் பாடிக் கொடுத்தது. ஆண்டுத் திவசம் என்றைக்கு என்று பிள்ளைகள் மறக்காமலிருக்க அந்த வெண்பா. அடுத்து ஊரின் சிறப்பு, குலமரபு, பெற்றார், உடன்பிறந்தார், கொண்டார், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று உறவுமுறை வாரியாகப் பாட்டுகள். அதன்பின் சிவபுராணமோ தேவாரமோ திருப்புகழோ, துயர வீட்டில் கூடியிருந்து ஓதுவதற்கு.

இந்த ஒழுங்கில் ஒரு பெரிய நுட்பம் இருக்கிறது. திருமுறை இருக்கிற புத்தகத்தை யாரும் கீழே போட மாட்டார்கள், எடைக்கும் போட மாட்டார்கள். அது சாமி அறைக்குப் போய்விடும். அதனோடு சேர்ந்து இறந்தவரின் பெயரும் படமும் அங்கே போய் நாற்பது ஐம்பது ஆண்டுகள் இருக்கும். பிற்காலத்து மலர்களில் முதலுதவி, சமையல் குறிப்பு, நீரிழிவுக்காரருக்கான உணவு அட்டவணை என்றெல்லாம் சேர்த்தார்கள். வீட்டில் பயன்படுகிற பொருள் வீட்டில் தங்கும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பிறகு போர், இடப்பெயர்வு. வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போன ஊர்களில் ஒருவர் எந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார், எந்தக் கோயிலுக்குத் தர்மகர்த்தாவாக இருந்தார், யாருக்குத் தம்பி, யாருக்கு மாமன் என்பதெல்லாம் இந்த மெல்லிய புத்தகங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. நூலகம் என்ற பெயரில் இயங்கும் இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகம் நினைவு மலர்களைத் தனி வகையாகவே சேர்த்து வைத்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் மலருக்கு உரியவர் யார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் தாத்தாவோடு வேலை பார்த்தவராக இருக்கலாம், வாடகை வீட்டில் குடியிருந்தவராக இருக்கலாம். எங்கேயோ ஒரு நாட்டில் அவருடைய பேத்தி இந்த ஒரு பிரதியைத் தேடிக்கொண்டிருக்கவும் கூடும்.

இன்றைக்குப் பயனுண்டா என்று கேட்டீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாய் சேய் நலப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். புகுந்த ஊரில் ஐந்து மாதம் பார்த்த செவிலியர் வேறு, பிறந்த ஊரில் பிரசவம் பார்ப்பவர் வேறு. இருவருக்கும் நடுவில் போய்வருவது அந்தப் புத்தகம். ரத்த அழுத்தம், எடை, ரத்தசோகை எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை பிறந்ததும் போட்ட பி.சி.ஜி., ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்து ஊசிகள், ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசி என்று ஒவ்வொரு கட்டமாக நிரம்பும். மின்சாரமும் கடவுச்சொல்லும் இல்லாமல் யார் கையிலும் திறக்கிறது.

ஆனால் புழங்குவதற்கு ஏற்றபடி செய்தால்தான் புழங்கும். ஒருமுறை ஒரு மருத்துவமனைக்காகச் சர்க்கரை நோயாளிகளுக்கான கையேடு அடித்துக் கொடுத்தேன். பளபளக்கும் ஆர்ட் பேப்பரில், பல வண்ணத்தில் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆறு மாதம் கழித்து அங்கே போனபோது நோயாளிகள் சர்க்கரை அளவை மாத்திரை அட்டையின் பின்னாலும் டீக்கடை ரசீதிலும் எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். பளபளப்புத் தாளில் பால்பாயின்ட் பேனா பிடிக்கவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. முன்பே வற்புறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பதிப்பைச் சாதாரண மேப்லித்தோ தாளில், ஒரே கறுப்பு மையில், ஒரு பக்கம் விஷயம், எதிர்ப்பக்கம் தேதியும் அளவும் எழுதக் கோடு என்று அமைத்தேன். மேல் மூலையில் ஒரு துளையிட்டுச் சணல் கயிறு கோத்துக் கொடுத்தேன், ஆணியில் மாட்ட. அந்தப் புத்தகங்கள் முனை மழுங்கி, மஞ்சள் கறையேறி, கடைசிக் கோடு வரை நிரம்பித் திரும்பி வந்தன. உங்கள் ஊரில் யாராவது கையேடு போட நினைத்தால் இந்தக் கயிற்றை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் பெட்டிக்கு. முதலில் ஆண்டு கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் பலவற்றில் ஆண்டே போட்டிருக்க மாட்டார்கள். விலையைப் பாருங்கள். அணா என்றிருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றால் அதற்குப் பின். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். பிறகு எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை என்பவற்றில் யானைத் தும்பிக்கை போல மேலே சுழித்த பழைய வடிவம் இருந்தால், 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முந்தியதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்து தேயும்வரை அதையேதான் வைத்திருந்தோம். அதனால் ஐந்தாறு ஆண்டு முன்பின் கொள்ளுங்கள். சுயமரியாதை இயக்கப் பிரசுரம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. பெரியார் தம் குடி அரசு இதழில் 1935இலேயே அந்த எழுத்துகளை மாற்றிவிட்டார். பஞ்சாங்கத்தில் ரௌத்திரி வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1920ஆ 1980ஆ என்ற ஐயம் வரும், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால். அங்கே மறுபடி விலை கைகொடுக்கும்.

புத்தகத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கம்பிப் பின்னை முதலில் கழற்றுங்கள். துருப்பிடித்த கம்பிதான் இவற்றுக்கு எமன். தாளைச் சுற்றிலும் தின்றுவிடும். மழுங்கிய கத்தி முனையால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் வெள்ளை நூலால் ஒரு தையல் போடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். பூச்சி வராமலிருக்கப் பெட்டியின் மூலையில் வசம்புத் துண்டை ஒரு துணியில் முடிந்து வைத்தால் போதும். ஒவ்வொன்றின் உள் அட்டையிலும் மெல்லிய பென்சிலால் எங்கே கிடைத்தது, யாருடையது என்று எழுதுங்கள்.

வீட்டில் வைக்க இடமில்லையென்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர் குப்பையில் போட்டவற்றையும் ஆயுள் முழுவதும் சேர்த்தார். 1994இல் நிறுவப்பட்ட அந்த நூலகத்துக்கு அடித்தளமே அவருடைய சேகரிப்புதான். நினைவு மலரின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து நூலகம் அமைப்புக்கு அனுப்புங்கள். ரேஷன் கார்டும் ஓரத்தில் எழுதிய பஞ்சாங்கங்களும் உங்கள் குடும்பத்திலேயே இருக்கட்டும்.

வாய்ப்பாட்டில் ஒரே தலைப்பில் இரண்டு மூன்று பிரதி இருந்தால் ஒன்றை வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். பழையதென்றால் பின்பகுதியில் கால், அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று பின்ன வாய்ப்பாடு இருக்கும். மாகாணி என்பது பதினாறில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்தப் புத்தகத்தையே காட்டி, டெம்மி தாளில் இது எத்தனையில் ஒன்று என்று மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை இல்லாத, வெயிலும் காற்றும் உள்ள நாளாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள். ஒரு பாயை விரித்து ஒவ்வொன்றாக வையுங்கள். பஞ்சாங்கங்களை மட்டும் தூசி போகட்டும் என்று உதறிவிடாதீர்கள். அடகு ரசீது, பிள்ளைகளின் மதிப்பெண் தாள், முதல் மொட்டையின் முடி, யாரோ எழுதிய ஒரே ஒரு கடிதம், எல்லாவற்றையும் அந்த வீடுகளில் பஞ்சாங்கத்தின் நடுவில்தான் செருகி வைப்பார்கள்.